பருவ இதழ்களின் இருப்புப் பதிவும் அதன் இடப்பெயர்ச்சியும்

நூற்பட்டியை நோக்குவோர் இரு வேறு வினாக்களை ஒன்றெனக் கொண்டுவிடுதல் உண்டு. இவ்விதழ் இந்நூலகத்தில் உண்டா என்பது ஒன்று. இவ்விதழின் எப்பகுதிகள் இங்கு உள்ளன என்பது மற்றொன்று. தனி நூலுக்கு முன்னதன் விடையே பின்னதற்கும் பெரும்பாலும் போதும். பருவ இதழுக்கு அது போதாது. நூல் ஒருமுறை வெளிவந்து முடிவது. இதழோ வாரந்தோறும் திங்கள்தோறும் வளர்வது, பெயர் மாறுவது, இடையே நின்று மீண்டும் எழுவது, சொல்லாமலே மறைவது. ஆதலின் இதழொன்றுக்குத் தலைப்புப் பதிவு வேறாகவும் இருப்புப் பதிவு வேறாகவும் அமைதல் வேண்டும். ஈண்டு யாம் ஆராயப் புகுவது இருப்புப் பதிவின் வரலாறேயாகும். குறிப்பேட்டிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து கணிப்பொறிக்கும், ஒரு கணிப்பொறி முறையிலிருந்து மற்றொன்றுக்கும் அப்பதிவு பெயர்ந்த போதெல்லாம் உள்ளவற்றைப் பற்றிய செய்தி பெரிதும் தப்பிப் பிழைத்தது. இல்லாதவற்றைப் பற்றிய செய்தியே அழிந்தது. இதனை நிறுவுதலே எம் நோக்கம்.

இலக்கிய வரலாறு எழுதுவோர்க்கு இஃது ஒரு சிறு செய்தியன்று. ஓர் எழுத்து இன்ன இதழில் முதன்முதல் வெளிவந்தது என ஒருவர் கூறுவாராயின், அதற்கு முற்பட்ட இதழ்களில் அது வெளிவந்திலது என்றும் அவரே உடன் கூறியவராகின்றார். அங்ஙனம் கூறுதற்கு முற்பட்ட இதழ்கள் அனைத்தையும் அவர் கண்டிருத்தல் வேண்டும். அன்றேல், எவ்வெவ்விதழைத் தாம் கண்டிலர் என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டும். பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழ் 1906இல் சென்னையில் தோன்றி, 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, 1910இல் நின்றுபோயிற்று. பாரதியாரின் எழுத்துகளைக் காலவரிசையில் தொகுத்த சீனி. விசுவநாதன் அவர்கள் பல இடங்களிற் சிதறிக் கிடந்த இதழ்களைத் தேடியே அப்பணியை நிறைவேற்ற நேர்ந்தது. வாரத் தாள் ஒன்று கிடைத்திலது என்பது ஒரு செய்தி. அவ்வாரம் தாள் வெளிவந்திலது என்பது முற்றிலும் வேறொரு செய்தி. இரண்டையும் ஒரே வெற்றிடமாகக் காட்டும் பதிவு ஆய்வாளனுக்குப் பயன்படாது.

சங்க நூற் பதிப்புகளிற் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாட்டுகள் ஏடுகளிற் கிடைத்தில. எனினும் அடுத்து நின்ற பாட்டு 267 என்னும் எண்ணைப் பெறவில்லை; 269 என்றே நிற்கின்றது. வெற்றிடத்திற்கு எண் காக்கப்பெற்றமையால் இழப்பின் அளவை நாம் அறிகின்றோம். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லாமையை நூலின் பெயரும் எண் வரிசையுமே உணர்த்துகின்றன. எஞ்சிய பாட்டுகளைப் பதிப்பாசிரியர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் புதிதாக எண்ணிட்டிருப்பின், நூல் முழுமையாகத் தோன்றியிருக்கும், இழப்பு இரட்டித்திருக்கும். இருப்புப் பதிவு எழுதுவோன் செய்வதும் பதிப்பாசிரியன் தொழிலே என்க.

இத்தொழிலைத் தமிழகத்தில் ஒழுங்குபெறச் செய்தவர் சீகாழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார். கணிதப் பேராசிரியராய் இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்றார். 1934இல் வெளிவந்த அவருடைய பகுப்புமுறை நூற்பட்டி விதிகளில், பருவ வெளியீடுகள் பெயர் மாறுதல், ஒன்றோடொன்று இணைதல், பிரிதல், எண்முறை பிறழ்தல் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு விதி வகுத்தார். அவற்றினும் எமக்கு வியப்பூட்டுவது அவர் கண்ட மூன்று அட்டை முறையாகும். இதழ் ஒவ்வொன்றுக்கும் பதிவு அட்டை, சரிபார்ப்பு அட்டை, பகுப்பு அட்டை என மூன்று உண்டு. பதிவு அட்டையில் வரப்பெற்ற ஒவ்வோர் இதழின் எண்ணும் நாளும் ஏறும். பகுப்பு அட்டையில் நூலகம் உடைய தொகுதிகள், இணைப்பு வெளியீடுகள், பொருளடைவுகள் ஆகியன பொருட்பகுப்பின்படி அடங்கும்.

நடுவில் நின்ற சரிபார்ப்பு அட்டையே இம்முறையின் உயிர்நாடி. அது பெயர் வரிசையில் அடுக்கப்படுவதன்று. இதழ் எவ்வாரத்தில் வரவேண்டுமோ அவ்வாரத்தின் பின்னே நிறுத்தப்படுவது. இதழ் வந்ததும் குறித்துவிட்டு, அடுத்த இதழ் வரவேண்டிய வாரத்திற்கு அட்டையை நகர்த்துவர். வாரம் கழிந்தும் நகராமல் நிற்கும் அட்டை எதுவோ, அதுவே வாராத இதழைக் காட்டிக்கொடுப்பது. எவரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. இல்லாமை தானே வெளிப்பட்டு நிற்கும். உடனே நினைவூட்டு மடல் எழுதப்பெறும். அந்நாளைய இதழ்கள் பலவும் குறைந்த படிகளே அச்சிட்டவை. இரண்டு திங்கள் கழித்துக் கேட்டால் கிடைப்பது அரிது. ஆதலின் இந்நகரும் அட்டை, இழப்பைப் பதிவு செய்ததோடு அமையாது தடுக்கவும் செய்தது.

அட்டைகளின் ஓரங்களில் நூலகர்கள் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளையும் கருதுதல் வேண்டும். இன்ன பகுதி வந்திலது, இன்ன பகுதி கட்டடத்திற்குச் சென்றது, இன்ன தொகுதியில் இரண்டு இதழ் ஒன்றாக வெளிவந்தது என்பன போன்ற குறிப்புகள் அவை. இதழ்களைத் தொகுதியாகக் கட்டும்போது மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. திங்களும் எண்ணும் மேலட்டையிலேயே அச்சாகியிருப்பின், கட்டிய தொகுதியில் அவற்றிற்குச் சான்று எஞ்சாது. அந்நிலையில் அட்டையின் பென்சிற் குறிப்பே ஒரே சான்று.

கணிப்பொறிக்கு வருவோம். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் என்றியட்டா ஆவ்ரம் அம்மையார் தலைமையில் உருவாகி 1968இல் நிலைபெற்ற மார்க் வடிவம், நூற்பட்டிப் பதிவுகளைக் கணிப்பொறி படிக்குமாறு அமைத்தது. தொடர் வெளியீடுகளின் தலைப்புப் பதிவுக்குரிய மார்க் வடிவம் 1970இல் வந்தது. இருப்புப் பதிவுக்குரிய வடிவமோ 1984இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் தலைப்புக்குப் பொது வடிவம் இருந்தது, இருப்புக்கு இல்லை. நூலகங்கள் தத்தமக்குத் தோன்றியவாறு இருப்பை எழுதிவைத்தன. பிற்கால இடப்பெயர்ச்சிகளில் நேர்ந்த குழப்பங்களுள் பல இப்பதினான்கு ஆண்டு இடைவெளியில் வேர்கொண்டவை.

1984இல் வந்த வடிவம் நுட்பமானது. 853 என்னும் புலம் இதழின் எண்முறைப் பெயர்களை ஒருமுறை கூறிவிடும். 863 என்னும் புலம் எண்களை மட்டும் கூறும். இரண்டும் ஓர் இணைப்பு எண்ணால் கட்டுண்டு நிற்கும். எண்முறைக்கு அடங்காத பழைய பதிவுகளை உரைநடையாக எழுதிவைக்க 866 என்னும் புலம் உண்டு. 863இல் முறிவுக்குறி ஒன்றும் அமைந்துள்ளது. வெளிவந்தும் நூலகத்தில் இல்லாமையால் ஏற்பட்ட முறிவுக்கு ஒரு குறி. வெளிவராமையாலோ எண் தாவியமையாலோ ஏற்பட்ட முறிவுக்கு வேறொரு குறி. 1999ஆம் ஆண்டு அமெரிக்கத் தர விதி இதனையே நிறுத்தக்குறிகளால் உணர்த்துகின்றது. முன்னதற்குக் காற்புள்ளி, பின்னதற்கு அரைப்புள்ளி. புள்ளியிடாத ஏட்டுச் சுவடிகளைப் படித்துப் பழகிய நம்மவர்க்கு, ஒரு புள்ளியின் வேறுபாட்டில் எவ்வளவு பொருள் தங்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் பழைய அட்டையில் 'தொ. 1–6, 8–12' என்று மட்டுமே எழுதியிருந்தால், ஏழாந்தொகுதி வெளிவந்ததா என்பதைக் கணிப்பொறி அறியாது. பெயர்த்தெழுதுவோர் காற்புள்ளியை இட்டபடியே விட்டுவிடுவர். அறியாமை அறிவாக வேடம் பூண்டுவிடுகின்றது.

இவ்வடிவத்திலும் ஒரு குறை உண்டு. இருப்பு எத்துணை நிறைவுடையது என்பதை ஓர் எண்ணாற் குறிக்கும் இடம் அதில் உளது. நூற்றுக்கு 95 முதல் 100 வரை இருப்பின் 'முழுமை'. 50 முதல் 94 வரை 'குறை'. 50க்குக் கீழ் 'சிதறல்'. ஓர் ஆண்டில் 52 தாள் வெளியிடும் வார இதழில் இரண்டு தாள் இல்லையெனினும் எஞ்சியவை நூற்றுக்கு 96க்கு மேற்படும். ஆகவே அது முழுமையே. பொதுப் பயன்பாட்டிற்கு இவ்வளவு போதும் என வகுத்தோர் கருதினர் போலும். பாரதியாரின் கட்டுரை ஒன்று அவ்விரண்டு தாள்களில் ஒன்றில் இருந்தால் என்செய்வது? முழுமை எனக் குறிக்கப்பெற்ற இதழை எந்த ஆய்வாளனும் மீண்டும் தேடிச் செல்லான். இக்குறியை நாம் முழுதும் நம்புதல் ஆகாது.

தமிழ் இதழ்களுக்கு உரிய சிக்கல்கள் இவற்றின் வேறானவை; அவற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் 'செந்தமிழ்' தொகுதி, பகுதி எனப் பகுத்துக்கொண்டது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் 'செந்தமிழ்ச் செல்வி' 1923இல் தோன்றியது முதல் ஆண்டுத் தொகுதியைச் சிலம்பு என்றும் திங்கள் இதழைப் பரல் என்றும் வழங்கியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்துத் 'தமிழ்ப் பொழில்' 1925 முதல் துணர், மலர் என்றது. பொழிலில் துணரும், துணரில் மலரும் அமைதல் இயல்பே. செல்வியின் காற்சிலம்பில் பரல் ஒலித்தலும் அத்தகையதே. இதழாசிரியர்தம் இலக்கிய உள்ளம் இப்பெயர்களில் விளங்குகின்றது. பதிவு செய்வோர்க்கு இவை இடர் தருவன. 'மலர்' என்னும் ஒரு சொல்லையே காண்க. தமிழ்ப் பொழிலில் அது திங்கள் இதழ். வேறு பல இதழ்களில், 'மலர் 5, இதழ் 3' என்றாற்போல, ஆண்டுத் தொகுதி. தீபாவளி மலர், பொங்கல் மலர் என்னுமிடத்துத் தனிச் சிறப்பு வெளியீடு. மலர் என்பது தொகுதியே என ஒரு சொற்பட்டியலைக் கணிப்பொறிக்குக் கொடுத்து மாற்றினால், தமிழ்ப் பொழிலின் ஓராண்டுத் துணர் பன்னிரண்டு தொகுதிகளாக விரிந்துவிடும். 853 என்னும் புலத்தில் அந்தந்த இதழுக்குரிய பெயரையே எழுதி வைத்தலே இதற்கு மருந்து. அவ்வடிவத்தை வகுத்தோர் தமிழைக் கருதி வகுத்தாரல்லர். எனினும் சிலம்பும் பரலும் அதில் இனிதே அமர்கின்றன.

காலக் குறிப்பிலும் இடர் உளது. 'செந்தமிழ்' முதல் தொகுதி சுபகிருது ஆண்டு கார்த்திகைத் திங்களில் தொடங்கியது. அஃதாவது 1902ஆம் ஆண்டின் இறுதி. கார்த்திகை நவம்பர் நடுவில் தொடங்கித் திசம்பர் நடுவில் முடிவது. மார்க் வடிவம் திங்களுக்கு 01 முதல் 12 வரை எண் கேட்கின்றது. கார்த்திகைக்கு 11 இடுவதா, 12 இடுவதா? தொகுதியோ கார்த்திகையிற் பிறந்து ஐப்பசியில் முடிவதாகலின் இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தொடுகின்றது. அன்றியும் அறுபதாண்டு வட்டத்தில் சுபகிருது மீண்டும் வரும். 1902–03, 1962–63, 2022–23 ஆகிய மூன்றும் சுபகிருது ஆண்டுகளே. வேறு குறிப்பின்றி ஆண்டுப் பெயரை மட்டும் கொண்ட பதிவு அறுபதாண்டு பிழைபடக் கூடும். திருவள்ளுவர் ஆண்டைப் பொறித்த இதழ்களில், ஆங்கில ஆண்டோடு 31 கூட்டிய எண் நிற்கும். 2000ஐத் தாண்டிய அவ்வெண்ணைக் கண்ட எழுத்தர் 1970களின் இதழை இருபத்தோராம் நூற்றாண்டினதாகக் கொள்ளுதலும் இயல்பே. இருப்புப் பதிவில் மாற்றுக் காலக்குறிப்புக்கு எனத் தனி உட்புலம் ஒன்று உண்டு. தமிழாண்டையும் திங்களையும் இதழில் உள்ளவாறே அதில் எழுதி, ஆங்கில ஆண்டை முதற் குறிப்பாக வைத்தால் இரண்டும் வாழும். ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட்டு மூலத்தைக் கைவிடுதல், பாடவேறுபாட்டை அடிக்குறிப்பின்றித் திருத்துவதற்கு ஒப்பாகும்.

பெயர் ஒப்புமையும் மயக்கம் விளைக்கும். தலைப்பின் முதற்சொற்களை மட்டும் ஒப்பிட்டு இணைக்கும் முறையில் 'செந்தமிழ்' என்பதும் 'செந்தமிழ்ச் செல்வி' என்பதும் ஒன்றாகிவிடக்கூடும். 'குடி அரசு' என்பதும் 'குடியரசு' என்பதும் இரண்டாகிவிடக்கூடும். மறைமலையடிகளின் 'ஞானசாகரம்' பின்னர் 'அறிவுக்கடல்' ஆயிற்று. இரண்டிற்கும் தனித்தனிப் பதிவும், முன்பெயர் பின்பெயர் காட்டும் இணைப்பும் வேண்டும். தொடர் வெளியீடுகளுக்குரிய பன்னாட்டுத் தர எண் இம்மயக்கத்தைத் தீர்க்க வல்லது. ஆயின் அதன் தர விதி 1975இல் வந்தது. அதற்கு முன்னரே நின்றுபோன தமிழ் இதழ்கள் பெரும்பாலும் அவ்வெண் பெற்றில.

இந்திய நூலகங்களில் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் யுனெசுகோ வழங்கிய சி.டி.எசு./ஐசிசு என்னும் முறை பரவியது. பின்னர்ப் பல்கலைக்கழகங்களில் இன்ஃப்லிப்நெட் நிறுவனத்தின் சோல், நியூசிலாந்தில் உருவாகி 2000இல் பயன்பாட்டிற்கு வந்த கோகா முதலியன இடம்பெற்றன. ஐசிசு முறையில் புலங்களை நூலகமே வகுத்துக்கொள்ளலாம். உரிமை மிகுந்தமையின் ஒருமை குறைந்தது. இருப்பு முழுவதையும் ஒரே வரியில் எழுதிய நூலகங்களும் உண்டு. தமிழெழுத்துகளும் அக்காலத்துப் பல்வேறு எழுத்துருக் குறியீடுகளில் அடைபட்டிருந்தன. ஒருங்குறிக்கு மாற்றும்போது குறியீடு தவறினால் சிலம்பு பொருளற்ற எழுத்துக் குவியலாகும். அதனைப் பார்த்தவுடன் அறியலாம். எண் ஒன்று தவறினால் எவரும் அறியார்.

பதிவுகளை ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் பன்னாட்டுப் பரிமாற்ற வடிவத்திற்கு ஓர் எல்லை உண்டு. புலத்தின் நீளத்தை நான்கு இலக்கத்தாலும் பதிவின் நீளத்தை ஐந்து இலக்கத்தாலும் அது குறிக்கின்றது. எனவே ஒரு புலம் 9,999 பைட்டையும், ஒரு பதிவு 99,999 பைட்டையும் கடத்தலாகாது. ஒருங்குறியின் வழக்கமான பரிமாற்றக் குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டு வேண்டும். 'சிலம்பு' என்னும் ஒரு சொல்லே 21 பைட்டு. இருபது ஆண்டு நடந்த வார இதழில் 1,040 தாள்கள் உண்டு. ஒவ்வொரு தாளுக்கும் நூறு பைட்டு ஒதுக்கினாலே பதிவு எல்லையைக் கடந்துவிடும். கோகா முறை நெடுங்காலம் பிரதி ஒவ்வொன்றையும் 952 என்னும் புலமாகத் தலைப்புப் பதிவோடு இணைத்து வெளியிட்டு வந்தமையின் இவ்விடர் அதில் மிகுதி. மிக நீண்ட வரலாறு உடைய இதழே முதலில் வெட்டுண்ணும் என்பது இதன் கொடுமை. எல்லை அற்ற வேறு வடிவத்தில் பெயர்த்தால் இது நேராது; ஆயினும் அதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

மற்றொரு பிழை இதனினும் மறைவானது. தலைப்புப் பதிவில் 362 என்னும் புலம் இதழ் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைக் கூறுவது. அது பதிப்பு வரலாறு, நூலகத்தின் உடைமையன்று. இருப்புப் பதிவு இல்லாத இடங்களில், இடப்பெயர்ச்சிக் காலத்தில், இப்புலத்தையே இருப்பாக எடுத்துக்கொள்வர். ஒரு நூலகத்தில் யாம் தேடிய இதழொன்றுக்குக் கணிப்பொறி முதல் தொகுதி முதலாக அனைத்தும் உண்டு என்றது. அடுக்கில் நின்றவை நான்கே தொகுதிகள். மூலையிற் கிடந்த பழைய அட்டை அந்நான்கையும் சரியாகவே கூறியது. பிழை செய்தவர் எவருமிலர். புலம் ஒன்று மற்றொன்றாக எண்ணப்பட்டது, அவ்வளவே.

பெயர்த்தபின் பேணுதல் என்பது தனித் தொழில். 1970களில் அமெரிக்காவில் தொடர் வெளியீடுகளின் பதிவுகளைக் கணிப்பொறிக்கு மாற்றுதற்கென நூலகங்கள் கூடித் தொடங்கிய 'கான்சர்' என்னும் முயற்சி, மின்னசோட்டா மாநிலத்தின் கூட்டுப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. அதன் பெயர் முதலில் மாற்றுதல் என்னும் பொருளுடைய சொற்களின் சுருக்கம். 1980களில் அச்சுருக்கத்தை மாற்றாது, கூட்டுறவு என்னும் பொருள் தருமாறு விரிவை மட்டும் மாற்றினர். சில ஆண்டுகளில் முடியும் எனக் கருதிய மாற்றம் முடியாத பணியாகிவிட்டமையை அப்பெயர் மாற்றமே காட்டும். நம் நூலகங்களில் மாற்றுதற்குப் பொருள் ஒதுக்குவோர் பேணுதற்கு ஒதுக்குவதில்லை. 'சிலம்பு 1 –' என முடிவின்றி நிற்கும் சிறு கோட்டினை இதழ் நின்றபின் எவரேனும் மூடுதல் வேண்டும். மூடாதபோது, நின்று பல்லாண்டு ஆன இதழ்கள் நூற்பட்டியில் இன்றும் வந்துகொண்டிருப்பனவாகத் தோன்றுகின்றன. கோகாவில் வரப்பெற்றவை, வாராதவை என இரு பட்டியல்கள் உண்டு. அரங்கநாதனாரின் நகரும் அட்டைக்கு அவை ஒருவாறு வழித்தோன்றல்கள். ஆயினும் சந்தா பதிந்த நாள்முதல் உள்ள இதழ்களையே அவை கணக்கிடும். அதற்கு முற்பட்ட இடைவெளிகளை எவரேனும் கையால் எழுதினாலன்றி அறியா.

இந்நிலையில் செய்யத்தக்கது யாதெனின், பெயர்க்குமுன் ஒவ்வோர் இதழையும் அடுக்கில் கண்டு சரிபார்த்தலே. அதற்கு ஆள் இல்லையெனின், சரிபார்க்கப்பெறாத பதிவை 866இல் மூல அட்டையிலுள்ள சொற்களிலேயே பெயர்த்தெழுதி, 'அட்டையிலிருந்து எழுதியது. அடுக்கில் கண்டதன்று' என ஒரு குறிப்பையும் நாளையும் சேர்த்தல் வேண்டும். காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் வெளிவந்தமை அறியப்பெற்ற இடத்தன்றி இடலாகாது. அட்டைகளையோ பழந்தாளாக விற்றுவிடும் வழக்கம் உளது; விற்பதற்கு முன்னரேனும் இரு பக்கமும் நிழற்படம் எடுத்து, பென்சிற் குறிப்புகள் விளங்குமாறு வைத்து, அப்படத்தை 856 என்னும் புலத்தின் வாயிலாக அந்தந்த இதழின் பதிவோடு இணைத்துவிடலாம். ஓர் அட்டைக்கு இரண்டு படம். ஒரு நூலகத்தின் தமிழ் இதழ்கள் அனைத்திற்கும் ஒருவர் சில வாரங்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.